பதினொன்று நாற்பத்திரண்டு

இரவெல்லாம் அந்தச் சின்னத் திரை
27.4 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
வெளியே ரைஷெனாவ் தீவில் உறைபனி.
கண்ணாடிக் கூரையின் சாளரங்கள்
ஆவென்று திறந்து கிடந்தன.
விடியும்போது அறுநூறு வெள்ளரிக் கன்றுகள்
வெந்த கீரைபோல் துவண்டிருந்தன.
திரையில் மணி
பதினொன்று நாற்பத்திரண்டு.
நேற்றைய பகல் அங்கேயே நின்றுவிட்டது.

வேர்லே அம்மா என்னைத் திட்டவில்லை.
"ஏப்ரல் இப்படித்தான்" என்றார்.
திட்டியிருக்கலாம்.

பெட்டியைக் கழற்றி
ஸிங்கனில் என் சமையல் மேசைக்குக் கொண்டுவந்தேன்.
ரிலே டிக், டிக் என்று ஆயிரம் முறை.
ஒரு தடுமாற்றம் இல்லை.
மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பு:
எரிந்தது, அணைந்தது, எரிந்தது.
நல்ல பிள்ளைக்கு வேறென்ன இலக்கணம்?
நிரலை இரண்டு இரவு வரி வரியாகப் படித்தேன்.
என்னைச் சந்தேகிப்பது எனக்குப் பழக்கம்.
சந்தேகித்த இடம்தான் தவறு.

காவல்நாய் ஒன்றை வைத்தேன், அதாவது வாட்ச்டாக்:
சிப் மயங்கினால் இரண்டு நொடியில் உலுக்கி எழுப்பும்.
எழுப்பியது.
ஒரே நாளில் பதினேழு தடவை என்று கணக்கும் வைத்தது.
நாய் குரைப்பதால்
திருடன் யாரென்று தெரிந்துவிடாது.

சொன்னது இயோனேலா.
சலாட் அறுக்கும் ருமேனியப் பெண்;
இடுப்பில் கத்தி,
கவிழ்த்த வாளியின் மேல் ஒரு கிழட்டு வானொலி.
"உன் ஜன்னல் நிற்கும்போதெல்லாம் இது இருமுகிறது" என்றாள்.
ஓடும்போது? இல்லை.
தொடங்கும்போது? இல்லை.
நிற்கும்போது மட்டும்.

இருட்டிய பின் விளக்கை அணைத்துவிட்டு
ரிலேயின் கண்ணாடி மூடிக்கு அருகே கண்ணை வைத்தேன்.
இரண்டு தொடுமுனைகள் விலகும் கணம்
நடுவே நீலமாய் ஒரு பொறி.
சுருளுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்துக்கு
நில் என்றால் நிற்கத் தெரியாது.
கதவைச் சாத்தினால் சுவரேறும்;
கம்பி இல்லையென்றால் காற்றில் தாவும்.
தாவும்போது போடும் கூச்சல்
அக்கம்பக்கத்துக் கம்பிகளில் எல்லாம் கேட்கும்.

அக்கம்பக்கம் யார்?
வெப்பமானியின் மெல்லிய கம்பி.
மோட்டார்க் கேபிளோடு ஒன்பது மீட்டர்
உரசிக்கொண்டே வந்தது.
சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு.
பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று
அக்டோபரில் நான்தான் கட்டினேன்.
படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

கட்டுகளை வெட்டினேன்.
நகம் வெட்டும் ஓசையோடு ஒவ்வொன்றாய்த் தெறித்தன.
வெப்பமானிக் கம்பியை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனேன்.
தொடுமுனைகளுக்குக் குறுக்கே
நூறு ஓம் மின்தடையும் சிறு மின்தேக்கியும் தொடராக:
தாவ வேண்டியது இறங்கிவர ஒரு படிக்கட்டு.
ரிலேச் சுருளுக்குத் தனி மின்வழங்கி;
இரண்டு கிரவுண்டுகளையும் இணைத்திருந்த குட்டி ஜம்பரைப்
பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

திற. நில். மூடு. நில்.
நாற்பது தடவை.
இருபத்தாறாவதில் வேர்லே அம்மா காப்பி கொண்டுவந்தார்,
எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்றையும் ஒன்றாகச் செய்திருக்கக் கூடாது.
எது குணமாக்கியது என்று யாராவது கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.
ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம்.
புதுக் கன்றுகள் வந்துவிட்டன; பார்க்கமாட்டேன்.

ரசீதில் வேலை நேரம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
கீழே, கன்றுகள் அறுநூறு, என் கணக்கில்.
அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"பனிக்கும் நீதான் பொறுப்பா?" என்றார்.
படத்தைக் காட்டினேன். அழகான கட்டுகள்.
நெடுநேரம் பார்த்தார்.

மறுநாள் பகல், சாளரம் திறந்து நின்றது.
இயோனேலா வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு
"இன்னும் கொஞ்சம் இருமுகிறது" என்றாள்.
திரையில் பதினொன்று நாற்பத்து மூன்று.